பூட்டிய கிணறும் ஊர் சொன்ன ஆமீனும்

அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்பாளன், அகிலம் அனைத்தையும் ஆள்பவன் பெயரால் ஆரம்பிக்கிறேன். அஸ்ஸலாமு அலைக்கும்.

பதில் வந்தது, ஆனால் வறண்டு வந்தது. குற்றம் உங்களுடையதல்ல. தண்ணீர் காணாத தொண்டையிலிருந்து இவ்வளவு வந்ததே பெரிய காரியம்.

இந்த மீலாத் விழாவின் தலைவர், பாலையடிக்குடாப் பள்ளிவாசல் பரிபாலன சபையின் தலைவர், மீன்பிடிச் சங்கத்தின் தலைவர், கிராம முன்னேற்றச் சங்கத்தின் தலைவர், என் தங்கையை மணமுடித்த வகையில் என் குடும்பத்துக்கும் தலைவரான என் அருமை மச்சான் அல்ஹாஜ் ஜமால்தீன் அவர்களே, சங்கைக்குரிய கதீபு லெப்பை அவர்களே, கந்தோரை மூடிவிட்டு நம்மை நம்பி வந்திருக்கும் கிராம சேவகர் தில்லைநாதன் அவர்களே, வருடந்தோறும் போல இந்த வருடமும் முள்ளிக்குளத்திலிருந்து மாலையோடு வந்து, அதை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் மடியிலேயே வைத்திருக்கும் வள்ளச் சொந்தக்காரர் சம்மாட்டி யாகப்பர் அவர்களே, முன்வரிசைக் கதிரைகளை முற்பகலிலேயே பிடித்துக்கொண்ட பெரியோர்களே, பின்வரிசையில் நின்று பெருமூச்சு விடும் வாலிபர்களே, ஓலைத் தட்டிக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாமலும் காதுக்கு நன்றாகத் தெரிந்தும் அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே, கடைசியாக, பள்ளிவாசல் கிணற்றடிக் கம்பிக் கதவிலே வெயில் பட்டு மின்னிக்கொண்டு தொங்கும் பித்தளைப் பூட்டே, உனக்கும் என் மனமார்ந்த ஸலாம்.

சிரிக்காதீர்கள். இன்றைய விழாவின் பிரதம விருந்தினர் அந்தப் பூட்டுத்தான். இவ்வளவு பெரிய கூட்டம் என் பேச்சைக் கேட்கவா கூடியது? என் பேச்சுக்கு என் சொந்த மனைவியே வருவதில்லை. விழா முடிந்ததும் கிணறு திறக்கப்படும், கூட்டத்துக்கு வந்தவர்களுக்கே முதலில் தண்ணீர் என்று காலையில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். தாய்மார்கள் மடியில் பிள்ளையும் பக்கத்தில் குடமுமாக வந்திருக்கிறார்கள். இப்படியொரு சபை எந்தப் பேச்சாளனுக்கு வாய்க்கும்? நான் என்ன அலட்டினாலும் ஒருவரும் எழும்பிப் போக முடியாது.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, இஸ்லாத்தின் ஆட்சித் தத்துவமும் அரசியல் விஞ்ஞானமும். மன்னாரிலே உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன் என்ற ஒரே குற்றத்துக்காக இந்தத் தண்டனை. தலைவர் என்னை அழைத்தபோது, நம்முடைய சபையைப் பற்றியும் நாலு நல்ல வார்த்தை சேர்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். சொல்கிறேன். அமானிதம், மஷூரா, நீதி, விசாரணை. நாலும் நல்ல வார்த்தைதானே மச்சான்?

என்ன, பின்னால் ஒரு வாலிபர் கலீபாக்களின் கதை சொல்லச் சொல்கிறார். தம்பி, அந்தக் கதைகளை வெள்ளிக்கிழமை ஜும்ஆவிலே வருடக்கணக்காகக் கேட்டு வருடக்கணக்காக நித்திரை கொண்டிருக்கிறோம். பக்தாதிலும் மதீனாவிலும் நடந்த நீதிக்குத் தலையாட்டுவது சுகமான வேலை. பாலையடிக்குடாவில் நடக்கவேண்டிய நீதியைப் பேசினால்தான் கழுத்துச் சுளுக்கும். ஆகவே இன்று ஊர்க் கதை.

அரசியல் விஞ்ஞானத்திலே முதற்பாடம் இறைமை. ஒரு நாட்டிலே இறுதி அதிகாரம் யாரிடம்? மன்னனிடம் என்றார் ஒருவர், மக்களிடம் என்றார் இன்னொருவர், பாராளுமன்றத்திடம் என்றார் மூன்றாமவர். இஸ்லாம் என்ன சொல்கிறது? இறைமை இறைவனுக்கே உரியது. மண் அவனுடையது, மழை அவனுடையது, மண்ணுக்குக் கீழே ஊறும் தண்ணீர் அவனுடையது. ஆட்சி செய்கிறவன் சொந்தக்காரன் அல்லன், பொறுப்புக்காரன். பிறருடைய பொருளைக் கையில் வைத்திருக்கும் அமானிதக்காரன். அப்படியென்றால் என் எளிய கேள்வி இது. தண்ணீர் அல்லாஹ்வுக்குச் சொந்தம், சாவி மட்டும் எப்படி ஜமால்தீனுக்குச் சொந்தமானது?

தலைவர் தண்ணீர்க் கிளாசைத் தேடுகிறார். அவருக்கு முன்னால் இருக்கிறது. அவருக்கு மட்டும்தான் இருக்கிறது.

நியாயத்தையும் பேசவேண்டும். பாழடைந்து கிடந்த அந்தக் கிணற்றை இறங்கித் தூர்வாரியவர் இதே ஜமால்தீன். வேறொருவர் இறங்கவில்லை. சேறு அப்பிய சாரத்தோடு அவர் மேலே ஏறி வந்து, இனித்த தண்ணீரை முதற்கை அள்ளி லெப்பைக்குக் கொடுத்த நாளை நானும் பார்த்தேன். அன்று அவருக்குத் தலைமை கொடுத்த ஊர் தப்புச் செய்யவில்லை. பிறகு கொடுத்த ஆமீன்களிலேதான் தப்பு நடந்தது.

அந்தக் காலத்திலே நம்முடைய சபைக் கூட்டம் எப்படி இருக்கும்? கத்துவோம், குத்துக்கு நிற்போம், ஒரு தடவை மேசையே உடைந்தது. ஆனால் முடிவு என்று ஒன்று வரும்போது அது எல்லாருடைய முடிவாக இருந்தது. அதுதான் மஷூரா, கலந்தாலோசனை. உங்களில் ஒருவர்கூடக் குரான் ஓதத் தெரியாதவர் அல்ல. விசுவாசிகளான முஃமின்களின் காரியங்கள் கலந்தாலோசித்து நடக்கவேண்டும் என்று ஓதியிருக்கிறீர்கள். ஓதிவிட்டு மூடிவைத்திருக்கிறீர்கள்.

என் மச்சானுக்குச் சத்தம் பிடிக்காது. கூட்டத்தை நிறுத்தினார். அதற்குப் பதிலாக அவர் கண்டுபிடித்த ஆட்சிமுறை இருக்கிறதே, அதை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை. ஜும்ஆ முடிந்து லெப்பை துஆவுக்குக் கையேந்தும் முன்னால், தலைவர் மெல்ல அவர் காதோரம் சாய்வார். ஒரு குசுகுசு. அவ்வளவுதான். லெப்பை அரபியிலே அழகாகத் தொடங்குவார், தமிழுக்கு வருவார், நோயாளிக்குக் கேட்பார், கடலுக்குப் போனவனுக்குக் கேட்பார், நாமும் ஆமீன், ஆமீன் என்போம். அந்த ஓட்டத்திலே வரும், பள்ளிவாசலுக்குப் பச்சை நிறம் பூச நினைக்கும் எங்கள் தலைவரின் எண்ணத்தை நிறைவேற்றுவாயாக என்று ஒரு வரி. நமக்கோ வீட்டிலே ஆறிக்கொண்டிருக்கும் மீன் ஆணத்தின் நினைவு. ஆமீன். மறுநாள் பள்ளிவாசல் பச்சை. யாராவது கேட்டால் தலைவர் சாந்தமாகச் சொல்வார், ஊரே கேட்ட துஆதானே, நீரும் ஆமீன் சொன்னீர்தானே என்று. சொன்ன ஆமீனை எந்த மனிசன் திருப்பி வாங்குவான்?

அடுத்த வருடம் ஒரு வரி வந்தது. எங்கள் தலைவரின் தலைமையை எங்கள் மீது நிலைக்கச் செய்வாயாக. ஆமீன். தேர்தல் முடிந்தது. வாக்குச்சீட்டு இல்லை, வாக்குப்பெட்டி இல்லை, வாதமில்லை, வம்பில்லை, தோற்றவனும் இல்லை. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து முப்பது வருடத்துக்குப் பிறகு கொழும்பிலே இப்போதுதான் நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதியைக் கொண்டுவந்திருக்கிறார்கள். பாலையடிக்குடா அதை எப்போதோ கண்டுவிட்டது. சட்டம் இயற்றுவது, நடத்துவது, நீதி வழங்குவது, மூன்றும் வெவ்வேறு கையில் இருக்கவேண்டும் என்று நான் மன்னாரிலே கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இங்கே மூன்றும் ஒரே இடுப்பு வாரில் தொங்குகின்றன, சாவியோடு சேர்த்து.

தாய்மார் பக்கம் சிரிப்பு. சிரியுங்கோ, சிரியுங்கோ, உங்கள் கதைக்கும் வருகிறேன்.

இந்தப் பூட்டு ஏன் வந்தது? வறட்சியால் என்றார்கள். தண்ணீரைப் பாதுகாக்க என்றார்கள். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. முள்ளிக்குளத்து மாதா கோயில் பெருநாளிலே வள்ளப் போட்டி நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். யாகப்பருடைய வள்ளம் முதலாவதாக வந்தது. என் மச்சானுடைய வள்ளம், மரியாதையாகச் சொன்னால், அதற்குப் பிறகு வந்தது. பாயை மாற்றிக் கட்டினார்கள் என்று இவர் சொன்னார், காற்று உங்களுக்கும் அதேதானே என்று அவர்கள் சொன்னார்கள். அவ்வளவுதான் யுத்தம். சில மாதத்தில் குளம் வற்றியது, முள்ளிக்குளத்துக் கிணறுகள் உவராகின, எந்தக் காலத்திலும் போல அவர்கள் குடத்தோடு நம்மிடம் வந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை துஆவிலே ஒரு வரி வந்தது. யா அல்லாஹ், எங்கள் கிணற்றை வெளியார் கையிலிருந்து பாதுகாப்பாயாக.

ஆமீன் என்றீர்கள். நான் அன்று மன்னாரில் இருந்தேன். இருந்திருந்தால் நானும் சொல்லியிருப்பேன், உங்களைவிடச் சத்தமாக.

மறுநாள் கம்பிக் கதவு, மறுநாள் பித்தளைப் பூட்டு. வெளியாருக்கென்று போட்ட பூட்டு உள்ளூரானை அடையாளம் கண்டு வழிவிடுமா? காலையும் மாலையும் தலைவர் வந்து திறந்தால் தண்ணீர், அவர் நித்திரை என்றால் இல்லை. அதற்கும் பழகிக்கொண்டோம். பழகிக்கொள்வதிலே நம்மை வெல்ல ஆளில்லை.

அப்படியிருக்க, தலைவர் ஒருநாள் வியாபார அலுவலாக வில்பத்துக் காட்டுப் பாதையால் புத்தளம் போனார். சாவியும் இடுப்போடு போனது. திரும்பும்போது பஸ் காட்டுக்குள் பழுதாகி நின்றது. இங்கே வெள்ளிக்கிழமை விடிந்தது. ஜும்ஆவுக்கு ஊர் திரண்டது. தொழுகைக்குமுன் கைகால் கழுவும் ஹவுளிலே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கிணற்றிலே கம்பி வழியாகக் கண்ணாடி போலத் தெரிகிறது தண்ணீர்.

என்ன செய்தோம்? உலகத்தில் வேறெந்த ஊரும் செய்யாத ஒன்றைச் செய்தோம். தண்ணீர் இல்லாதவன் சுத்தமான மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்து தொழலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. இப்போது தண்ணீர் இருக்கிறதா, இல்லையா? கண் பார்க்கிறது, ஆகவே இருக்கிறது என்று ஒரு கூட்டம். கை எட்டவில்லை, ஆகவே இல்லை என்று மறு கூட்டம். பாலையடிக்குடாவில் இருகட்சி ஆட்சிமுறை அன்றைக்குத்தான் பிறந்தது. லெப்பை பாவம், இரண்டு பக்கமும் தாடியைத் தடவினார். பூட்டை உடைப்போம் என்று ஒரு குரல்கூட எழவில்லை. ஏனென்றால் அது ஆமீன் சொன்ன பூட்டு. கடைசியில், நிறைந்த கிணற்றின் கம்பிக் கதவோடு சாய்ந்து நின்று, கிணற்றடி மண்ணை அள்ளி முகத்திலும் கையிலும் தடவிக்கொண்டு உள்ளே போய்த் தொழுதோம். தொழுகை முடிந்து துஆ. லெப்பைக்குப் பழக்கதோஷம். எங்கள் கிணற்றைப் பாதுகாக்கும் தலைவரின் முயற்சிக்கு வலுக்கொடுப்பாயாக என்றார். முகமெல்லாம் மண்ணோடு நாம் ஆமீன் என்றோம்.

ஓம், சிரியுங்கோ. நானும் அந்த வெள்ளி ஊரிலேதான் இருந்தேன், என் மூக்கிலும் மண் இருந்தது. இனி நான் சொல்லப்போவது சிரிக்கிற விசயமல்ல.

நாம் மண் தடவிக்கொண்டிருந்த அதே நேரத்திலே அந்தக் கம்பியின் தெருப்பக்கம் ஒரு பிள்ளைக்காரி நின்றாள். யாகப்பருடைய மகள் செலீனா. இடுப்பிலே கைக்குழந்தை, கையிலே குடம். வயிற்றோட்டத்தால் குழந்தை துவண்டு கிடந்தது. உவர்த் தண்ணீரைக் கொடுக்கவேண்டாம், நல்ல தண்ணீரைக் காய்ச்சி ஆற்றிக் கொடு என்று சிலாவத்துறை ஆசுபத்திரியிலே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். முள்ளிக்குளத்திலிருந்து அந்த வெயிலிலே நடந்து வந்தவள், தண்ணீரைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே நாம் நீதியைப் பற்றிய குத்பா கேட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கும் இருக்கவேண்டும்.

அவளைக் கண்டது என் தங்கை சபூரா, தலைவரின் மனைவி. பின்வளவால் கூட்டிக்கொண்டு போய், வீட்டிலே நிறைத்து வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் செலீனாவின் குடத்திலே ஊற்றிவிட்டாள். தலைவர் அடுத்தநாள் புழுதியோடும் தாகத்தோடும் வந்து சேர்ந்தார். வீட்டிலே ஒரு பானையிலும் தண்ணீர் இல்லை.

மச்சான் என்னை முறைக்கிறார், குடும்ப விசயத்தை மேடையில் பேசுகிறேனாம். ஊர்க் கிணற்றை வீட்டு விசயமாக்கியது நீங்கள்தானே மச்சான், வீட்டு விசயத்தை நான் ஊருக்குச் சொல்லக்கூடாதா?

ஊரே ஆமீன் சொன்ன தீர்மானத்தை மீறலாமா என்று தலைவர் கேட்டார். என் தங்கை அடுப்பைவிட்டு எழும்பாமல் பதில் சொன்னாள்.

"ஊர் சொல்லிச்சு. நான் சொல்லேல்ல."

பள்ளிவாசல் துஆவுக்குப் பெண்களுடைய ஆமீன் தேவையில்லை என்று தலைவர் விளக்கம் கொடுத்தார். அதற்கும் பதில் வந்தது.

"அப்ப பொம்பிளையளின்ட குடத்துக்கும் உங்கட பூட்டு தேவையில்ல."

நான் பட்டம் எடுத்தவன். அரசியல் விஞ்ஞானத்தைப் பரீட்சைக்கு எழுதிச் சித்தியடைந்தவன். ஆளப்படுகிறவரின் சம்மதம் இல்லாமல் ஆட்சிக்கு உரிமை இல்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அந்தச் சம்மதம் தட்டிக்கு அந்தப் பக்கமும் கேட்கப்படவேண்டும் என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. தண்ணீர் தூக்குகிறவர்கள் ஒருபக்கம், தண்ணீரைப் பற்றித் தீர்மானிக்கிறவர்கள் மறுபக்கம். இதற்குப் பெயர் மஷூராவா?

அன்பானவர்களே, துஆ என்பது அல்லாஹ்விடம் கேட்பது. தீர்மானம் என்பது அடியார்களிடம் கேட்பது. அடியார்களிடம் கேட்கவேண்டியதை அல்லாஹ்விடம் கேட்டுவிட்டால் என்ன நடக்கும்? கேட்டவருக்கும் பொறுப்பில்லை, ஆமீன் சொன்னவருக்கும் பொறுப்பில்லை, எல்லாப் பழியும் ஆண்டவன் தலையில். அஸ்தஃபிருல்லாஹ். நாளை மறுமையிலே, தாகத்தோடு வந்த பிள்ளைக்கு ஏன் கதவைப் பூட்டினாய் என்று கேட்கப்படும்போது, உன்னிடம்தான் கேட்டோம், நீ மறுக்கவில்லை என்று சொல்லப்போகிறோமா? தண்ணீரும் மேய்ச்சல் தரையும் நெருப்பும் எல்லாருக்கும் பொது என்பது மார்க்கத்தின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பிலே முள்ளிக்குளம் நீங்கலாக என்று ஓர் ஓரக்குறிப்பு இல்லை. தலைவன் தன் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவான். அவனை விசாரிக்காமல் விட்ட ஊரும் விசாரிக்கப்படும்.

முடிக்கப்போகிறேன், குடத்தைத் தட்டாதீர்கள். ஒரு முக்கியமான அறிவித்தல் இருக்கிறது. என் பேச்சு முடிந்ததும் துஆ. சற்று முன்னால், நான் மேடையேறும்போது, தலைவர் லெப்பையின் காதோரம் சாய்ந்ததை இந்தக் கண்ணால் கண்டேன். என்ன விசயம் என்று லெப்பையிடம் கேட்டேன். பொய் சொல்லத் தெரியாத மனிசர். சொல்லிவிட்டார். மழை வந்தாலும், குளம் நிரம்பினாலும், பூட்டு என்றைக்கும் இருக்கவேண்டும் என்ற வரி இன்றைய துஆவிலே வரப்போகிறது. இன்றைக்கு ஆமீன் சொன்னால், செலீனாவுக்கு மட்டுமல்ல, நம்முடைய பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்கிறோம். அந்தக் குழந்தை இன்னும் தேறவில்லை. தட்டிக்குப் பின்னால், சபூராவுக்குப் பக்கத்திலே, தாயின் மடியிலே கிடக்கிறது.

பூட்டை உடைக்கச் சொல்லமாட்டேன். கூச்சல் போடச் சொல்லமாட்டேன். அந்த வரி வரும்போது வாயை மூடிக்கொள்ளுங்கோ. அவ்வளவுதான். வாயை மூடச் சொல்லி முடிகிற அரசியல் மேடைப்பேச்சை இதுவரை நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். முடியுமா? பழக்கம் பொல்லாதது, நாக்கு தானாகப் புரளும். ஒத்திகை பார்ப்போம். ஆண்களும் பெண்களும், கையேந்துங்கோ.

யா அல்லாஹ், காய்ந்து வெடித்துக் கிடக்கும் இந்தக் கரைக்கு மழையைத் தருவாயாக.

அல்ஹம்துலில்லாஹ், இந்த ஆமீன் மறிச்சுக்கட்டி ஊருக்கே கேட்டிருக்கும்.

யா அல்லாஹ், செலீனாவின் பிள்ளைக்குச் சுகத்தைத் தருவாயாக.

யாகப்பர் ஐயா, நீங்களும் உங்கள் முறையில் சொன்னது கேட்டது. கண்ணைத் துடையுங்கோ. கேட்கவேண்டியவனுக்குக் கேட்டிருக்கும்.

யா அல்லாஹ், எங்கள் கிணற்றின் பூட்டை என்றென்றும் நிலைக்கச் செய்வாயாக.

இல்லை, ஒலிபெருக்கி பழுதாகவில்லை. பற்றரி இருக்கிறது. நீங்கள்தான் பேசாமல் இருக்கிறீர்கள். லெப்பை அவர்களும் ஏந்திய கையை இறக்கிவிட்டார்.

மச்சான், கேட்கிறதா? உங்களுக்குச் சத்தம் பிடிக்காது என்பதற்காக ஊர் உங்களுக்குப் பிடித்த விதத்திலேயே பதில் சொல்கிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகு பாலையடிக்குடாவிலே மஷூரா நடந்திருக்கிறது.

தலைவர் எழும்புகிறார். இடுப்பு வாரிலே கை வைக்கிறார். மச்சான், வாரைக் கழற்றி அடிக்கப்போகிறீர்கள் என்றால் இந்தப் பக்கக் கன்னத்தில் வேண்டாம், பல்வலி.

இல்லை. சாவி. ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வைத்தார், மேசையில் விழுந்த சத்தம் உங்களுக்கும் கேட்டிருக்கும். தன்னுடைய தண்ணீர்க் கிளாசை எடுத்துக்கொண்டு தட்டிப் பக்கம் போகிறார், குழந்தை இருக்கும் பக்கம். நான் இனி அவரைப் பகிடி பண்ணமாட்டேன். இன்றைக்கு மட்டும்.

கேட்டிருந்த பெரியோருக்கும், தாங்கியிருந்த தாய்மாருக்கும், அந்த வரிக்குக் கையை இறக்கிய லெப்பைக்கும், ஆமீன் சொல்லாத ஒருத்திக்கும் நன்றி. சாவி இனி யார் கையில் என்பதை நாளை அஸர் தொழுகைக்குப் பிறகு கூடிப் பேசுவோம், தட்டியை எடுத்துவிட்டு. மேசை உடைந்தால் புதிதாகச் செய்வோம். யாகப்பர் ஐயா, அந்த மாலை வாடமுன்னர் என் மச்சான் கழுத்திலே போடுங்கோ, இன்றைக்கு அவர்தான் முதலாவதாக வந்தார். மற்றவர்கள் குடத்தை எடுங்கோ. செலீனா, மகள், நீ முன்னுக்கு வா.

வஸ்ஸலாம்.